தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று: அதன்பிறகு உடன் வேலை செய்பவர்கள் என்ன செய்கிறார்கள்?

உலைக்களம் (இழையைத் தொடங்கியவர்)

மூன்று நாட்களாக மனதைக் குடைந்துகொண்டிருப்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டர். பழுது பார்த்து வந்த மோட்டார் ஒன்றை அதன் இடத்தில் இறக்கிக்கொண்டிருந்தோம். எடை ஏறக்குறைய 300 கிலோ. செயின் பிளாக்கில் (சங்கிலியால் பாரம் தூக்கும் கருவி) நைலான் பெல்ட் போட்டுத் தூக்கியிருந்தோம். நாங்கள் நான்கு பேர். போல்ட் துளைகள் நேராக வருகின்றனவா என்று பார்க்க எங்கள் மூத்த ஃபிட்டர் குனிந்து, ஒரு கையை அடித்தளத்தில் ஊன்றியிருந்தார். மோட்டார் ஒரு சாண் உயரத்தில் இருந்தபோது, ஸ்பேனரை வாங்குவதற்காக அந்தக் கையை எடுத்தார். பெல்ட் அறுந்தது. சத்தம் பெரிதாக இல்லை, துணி கிழிகிற சத்தம்தான். அவர் கழற்றி வைத்திருந்த கையுறையின்மேல் மோட்டார் உட்கார்ந்தது. பிறகு தூக்கி எடுத்தபோது அந்தக் கையுறை அட்டைபோல் தட்டையாக வந்தது.

சில நொடிகள் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒருவர் “நல்லவேளை” என்றார். இன்னொருவர் “தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு பெல்ட் வந்தது, பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

என்னைக் குடைவது இதுதான். காலையில் கிடங்கிலிருந்து அந்தப் பெல்ட்டை எடுத்து வந்தவன் நான். ஓரத்தில் நூல் பிரிந்திருந்ததைப் பார்த்தேன். இன்னும் ஒரு தடவை தாங்கும் என்று நினைத்தேன். மற்றவர்கள் பேசாமல் இருக்கிறார்களே, அப்படியானால் பரவாயில்லைபோலும் என்றும் நினைத்தேன். மாலையில் மற்ற இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இருவருமே நூல் பிரிந்திருந்ததைப் பார்த்திருக்கிறார்கள்.

நடந்ததைத் தெரிவிக்கும் படிவம் எழுதலாம் என்று அந்த மூத்த ஃபிட்டர் அண்ணனிடம் சொன்னேன். “எழுதினால் பெயர் கெடுவது எனக்குத்தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே தம்பி, விட்டுவிடு” என்றார். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அவர். அவரை மீறி எழுதுவதா? உங்கள் இடங்களில் இப்படி நடந்தால் உடனிருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்?

---

வெண்சங்கு

22 ஆண்டுகளாகப் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் இதை எழுதியதே பெரிய காரியம். பெல்ட் அறுந்ததை நூறு பேர் எழுதுவார்கள். “நான் பார்த்தேன், சொல்லவில்லை” என்று எழுதுகிறவர் அரிது.

பெல்ட்டைப் பற்றி: அந்த வகைத் தூக்குபெல்ட்டுகள் பலவற்றில் உள்ளே சிவப்பு நூல் வைத்துத்தான் நெய்திருப்பார்கள். மேலடுக்கு தேய்ந்து சிவப்பு வெளியே தெரிந்தால் அந்தப் பெல்ட் முடிந்துவிட்டது என்று பொருள். சிவப்பு தெரியாவிட்டாலும், ஓரம் வெட்டுப்பட்டிருந்தாலோ தையல் பிரிந்திருந்தாலோ உருகிய தடம் இருந்தாலோ ஒதுக்கிவிட வேண்டும். மோட்டாரின் கூர்முனையில் பெல்ட் படுகிற இடத்தில் திண்டு வைத்தீர்களா? பெரும்பாலும் பெல்ட் அங்கேதான் வெட்டுப்படும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். எழுதத்தான் வேண்டும். ஏன் என்பதற்கு ஒரு பழைய நிகழ்வைச் சொல்கிறேன். 1974 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவில் வாஷிங்டன் நகரின் டலஸ் (Dulles) விமான நிலையத்தில் இறங்க வந்த, டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் 514ஆம் எண் விமானம் மலையில் மோதி, அதில் இருந்த 92 பேரும் இறந்தார்கள். அணுகுபாதை வரைபடத்தையும் தரைக் கட்டுப்பாட்டின் அனுமதியையும் விமானிகள் புரிந்துகொண்ட விதத்தில் வந்த வினை அது. விசாரணையில் தெரியவந்தது என்ன தெரியுமா? ஆறு வாரங்களுக்கு முன்பு இன்னொரு நிறுவனத்தின் விமானிகளும் அதே இடத்தில் அதேபோல் தவறாகப் புரிந்துகொண்டு, மயிரிழையில் தப்பியிருந்தார்கள். அவர்கள் அதை மறைக்கவில்லை, தங்கள் நிறுவனத்துக்குச் சொன்னார்கள். அங்கே சக விமானிகளுக்கு எச்சரிக்கையும் போனது. ஆனால் செய்தி அந்தச் சுவருக்குள்ளேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான், 1976இல், தப்பிய நிகழ்வுகளைத் தண்டனைப் பயமில்லாமல் தெரிவிக்கும் ஏற்பாட்டை நாசா நடத்தத் தொடங்கியது. அது இன்றும் நடக்கிறது.

உங்கள் கிடங்கில் அதே வயதுள்ள பெல்ட்டுகள் இன்னும் எத்தனை தொங்குகின்றன? அடுத்த ஷிப்டில் அதை எடுக்கப்போகிறவருக்கு உங்கள் கதை தெரியுமா?

---

இரவுப்பணி

மேலே எழுதியவர் மீது மரியாதை உண்டு. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து “எழுதுங்கள்” என்று சொல்வது எளிது. நான் எழுதியவன். நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் வாசலில் ஒரு பலகை இருந்தது: “விபத்தில்லாத நாட்கள்” என்று எழுதி, பக்கத்தில் எண். எண் ஓர் அளவைத் தாண்டினால் ஷிப்டுக்கே ஊக்கத்தொகை. ஒருமுறை கன்வேயரில் என் சட்டைக் கை மாட்டி இழுத்தது. பக்கத்திலிருந்தவர் கயிற்றை இழுத்து நிறுத்தினார். மணிக்கட்டில் சிராய்ப்பு, அவ்வளவுதான். நான் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் பலகையில் பூஜ்யம். முப்பது பேருக்கு ஊக்கத்தொகை போயிற்று. யாரும் என்னைத் திட்டவில்லை. பேசாமல் இருந்தார்கள். ஒரு மாதம், உடைமாற்றும் அறையில் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். மேலிடத்திலிருந்து வந்த பதில்: “இனி சட்டைக் கையை மடக்கிக்கொள்ளவும்.” கன்வேயருக்குக் காப்புத் தகடு போடவில்லை.

வகுப்பு வைத்தால் மட்டும், ஒரு பெரிய காயத்துக்குப் பின்னால் 29 சிறு காயங்கள், 300 தப்பிப்புகள் என்று முக்கோணம் வரைந்து காட்டுவார்கள். அந்த 300இல் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தவனுக்கு நேர்ந்தது இது. தம்பி, உங்கள் அண்ணன் சொன்னது பயந்து சொன்னதல்ல, பட்டுச் சொன்னதாக இருக்கலாம்.

---

வெண்சங்கு

இரவுப்பணி, உங்களுக்கு நடந்தது அநியாயம். சுற்றிவளைக்காமல் சொல்கிறேன்: அந்தப் பலகையை நானும் ஒரு காலத்தில் பெருமையாக மாட்டியிருக்கிறேன். எண் ஏறும், நானும் மகிழ்வேன். காயத்துக்குக் கட்டுப்போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய் “மாடிப்படியில் விழுந்தேன்” என்று சொன்ன ஒருவரைப் பற்றிப் பின்னால்தான் எனக்குத் தெரியவந்தது. பலகையைக் கழற்றிவிட்டேன். சொல்லாமலிருப்பதற்குக் கூலி கொடுத்தால், மனிதர்கள் சொல்லாமல்தான் இருப்பார்கள்.

அந்த 1:29:300 கணக்கு 1931இல் ஹைன்ரிக் என்பவர் சொன்னது. எல்லாத் தொழிலுக்கும் அது பொருந்தும் என்று நானும் நம்பவில்லை. சிறு சிராய்ப்புகள் குறைந்துகொண்டே வரும் இடத்தில் பெரிய வெடிவிபத்து நடந்திருக்கிறது. எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். உங்கள் சட்டைக் கையை இழுத்த அந்தத் திறந்த உருளைக்கு நீங்கள் ஒன்றாம் ஆளா, பத்தாம் ஆளா என்பது முக்கியமல்ல. அது திறந்திருக்கிறது என்பதுதான் செய்தி.

---

கயல்

செவிலியாக இருக்கிறேன். எங்கள் வேலையில் மோட்டார் விழாது. ஆனால் “நல்லவேளை” என்ற சொல்லை நாங்களும் நாள் தவறாமல் சொல்கிறோம்.

இரவு ஷிப்டின் கடைசி மணி நேரம். ஊசிமருந்து கலக்கிக்கொண்டிருந்தேன். எடுக்க வேண்டியது சாதாரண உப்புநீர்க் குப்பி. கையில் எடுத்தது செறிவான பொட்டாசியம் குளோரைடு. அதே உயரம், அதே தெளிவான திரவம், மூடியின் நிறமும் ஏறக்குறைய அதே. நீர்க்காமல் நரம்பில் நேரே ஏற்றினால் இதயத்தை நிறுத்திவிடக்கூடிய மருந்து அது. குப்பியைத் திறக்கப் போகும் நேரத்தில் என்னைவிட ஆறு வயது இளைய பெண் வந்து பக்கத்தில் நின்றாள். “அக்கா, ஒரு நிமிடம், இதை இரண்டு பேரும் சேர்ந்து படிப்போமா?” என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. படித்தோம். என் கை நடுங்கியது. அவள் குப்பியை வாங்கித் தனியாக வைத்தாள்.

அவள் “என்ன செய்கிறீர்கள்!” என்று கத்தியிருந்தால் நான் அடுத்த நொடியே என்னைக் காத்துக்கொள்ளப் பார்த்திருப்பேன். “தெரியும், சரிபார்க்கத்தான் எடுத்தேன்” என்று ஒரு பொய் வாயில் தயாராக வந்திருக்கும். சேர்ந்து படிப்போம் என்றதால் பொய்க்கு இடமே இல்லாமல் போயிற்று. இப்போது எங்கள் வார்டில் அது எல்லோருடைய வாக்கியம். பெரிய மருத்துவரிடம்கூடச் சொல்கிறோம். அந்தச் செறிவுக் குப்பிகளும் வார்டு அலமாரியில் இல்லை, மருந்தகத்தில் பூட்டி வைத்திருக்கிறார்கள். நாங்கள் எழுதிக் கொடுத்ததால் வந்த மாற்றம் அது.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைகளில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். அங்கேதான் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. நல்ல குழுவினர் அதிகம் தவறு செய்தார்கள் என்பதல்ல, அவர்களால் அதை வாய்விட்டுச் சொல்ல முடிந்தது என்பதே அவர் கண்ட விளக்கம். உங்கள் இடத்தில் பதிவேடு காலியாக இருந்தால் மகிழாதீர்கள்.

---

பனிமலர்

உலைக்களம், மூன்று பேர் பார்த்தும் ஒருவரும் சொல்லவில்லை என்பது உங்களை மிகவும் வருத்துகிறது என்று தெரிகிறது. அது உங்கள் குணக்கேடு அல்ல என்று சொல்லத்தான் வந்தேன்.

1968இல் லட்டானே, டார்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை வெளியிட்டார்கள். ஓர் அறையில் ஆட்களை உட்காரவைத்துப் படிவம் நிரப்பச் சொன்னார்கள். சுவரில் இருந்த துவாரத்தின் வழியே புகையை உள்ளே விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 விழுக்காட்டினர் எழுந்துபோய்ச் சொன்னார்கள். எதுவும் நடக்காததுபோல் எழுதிக்கொண்டே இருக்குமாறு முன்கூட்டியே சொல்லிவைத்த இருவருக்கு நடுவே உட்கார்ந்தவர்களில் 10 விழுக்காட்டினர்தான் சொன்னார்கள். மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, இருமிக்கொண்டு, எழுதிக்கொண்டே இருந்தார்கள்!

நான் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். போன ஆண்டு மின்வயர் கருகும் வாடை வந்தது. எட்டுப் பேர் இருந்த அறை. ஒவ்வொருவரும் தலையைத் தூக்கி அடுத்தவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பக் குனிந்துகொண்டோம். அடுத்தவர் முகம் அமைதியாக இருந்தது, ஏனென்றால் அவரும் நம் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தரையைத் துடைக்க வந்த அம்மாதான் “இங்கே ஏதோ எரிகிறது, யாருக்கும் மூக்கு இல்லையா?” என்று கேட்டார். மேசைக்கு அடியில் இருந்த நீட்டிப்புப் பலகை ஒரு மூலையில் உருகிக் கருத்திருந்தது. சுவிட்சை அணைத்தவரும் அவர்தான்.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பொதுவாக “யாராவது பாருங்கள்” என்று சொல்வதில்லை. ஒருவருடைய பெயரைச் சொல்லி, “நீங்கள் அந்தச் சுவிட்சை அணையுங்கள், நான் மேலாளரைக் கூப்பிடுகிறேன்” என்கிறேன். பெயர் சொல்லிவிட்டால் கால் நகர்ந்துவிடுகிறது.

---

கிணற்றொலி

எல்லோரும் சொல்லாமல் இருப்பதைப் பற்றி எழுதுகிறீர்கள். நான் நேர் எதிரானதைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. யோசிக்காமல் ஓடுவது.

எங்கள் இடத்தில் கழிவுநீர்த் தொட்டி ஒன்று. ஆழம் இரண்டு ஆள் உயரம் இருக்கும். அடைப்பைப் பார்க்க ஒருவர் ஏணியில் இறங்கினார். பாதியில் கை நழுவி உள்ளே சரிந்தார். மேலே நின்றிருந்த அவருடைய நண்பர் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டே ஏணியில் கால் வைத்துவிட்டார். நான் பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவர் என்னை அடித்தார். “என்னை விடு, அவன் சாகிறான்” என்று முகத்திலும் தோளிலும் அடித்தார். நான் விடவில்லை. இன்னொருவர் ஓடிப்போய் மூச்சுக்கருவியோடு இருக்கும் மீட்புக் குழுவை அழைத்தார். அவர்கள் வந்து தூக்கியபோது உள்ளே விழுந்தவருக்கு உயிர் இல்லை.

நண்பர் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. நான் பிடிக்காமலிருந்தால் அன்று இரண்டு உடல்கள். எனக்கு அது நன்றாகத் தெரியும், ஆனாலும் இரவில் தூக்கம் வருவதில்லை.

இதைப் படிக்கிற ஒவ்வொருவரும் நினைவில் வையுங்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 20.9 விழுக்காடு. 19.5க்குக் கீழே போனாலே அந்த இடம் ஆபத்தானது என்று கணக்கு. மிகக் குறைந்துவிட்டால் ஓரிரு மூச்சில் நினைவு போய்விடும், மூச்சை அடக்கிக்கொண்டு சட்டென்று போய் வந்துவிடலாம் என்பது நடக்காது. அழுகிய முட்டை வாடை இல்லை, அதனால் விஷவாயு இல்லை என்றும் நம்பாதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மோப்பத்தையே மழுங்கடித்துவிடும். வாடை வந்தது, பிறகு நின்றுவிட்டது என்றால் அது நல்ல அறிகுறி அல்ல. மூடிய தொட்டிகளில் இறந்தவர்களின் கணக்கைப் பார்த்தால், காப்பாற்ற இறங்கியவர்கள் பெரும் பங்கு இருப்பார்கள். முதலில் விழுந்தவரைப் பார்த்துவிட்டு இறங்கியவர்கள் அவர்கள்.

எங்கள் தவறு இறங்கியபின் தொடங்கவில்லை. உள்ளே இருக்கும் காற்றைச் சோதிக்கும் வாயுமானி கிடங்கில் இருந்தது. இடுப்பில் கயிறு கட்டி, தொட்டியின் வாய்மேல் நிறுத்தும் மூன்றுகால் தாங்கியிலிருந்து இறக்கியிருந்தால் யாரும் உள்ளே போகாமலே இழுத்திருக்கலாம். “ஐந்து நிமிட வேலைதானே” என்று அவர் சொன்னபோது சுற்றி நின்ற நாங்கள் மூவரும் தலையாட்டினோம்.

---

கயல்

கிணற்றொலி, நீங்கள் பிடித்த பிடியை நானும் பிடித்திருப்பேனா என்று தெரியவில்லை. தூக்கம் வரவில்லை என்கிறீர்கள். தயவுசெய்து ஒரு மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ பேசுங்கள். விபத்தைப் பார்த்தவருக்கும் காயம் உண்டு, அது எந்தப் படிவத்திலும் ஏறுவதில்லை. அந்த நண்பர் இப்போது பேசுகிறாரா?

---

கிணற்றொலி

பேசுகிறார். ஒருநாள் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஆலோசகர் பற்றி நீங்கள் சொன்னதை யோசிக்கிறேன்.

---

நெடுங்கடல்

எண்ணெய் எடுக்கும் மேடைகளில் வேலை செய்தவன். எங்கள் தொழிலில் யாரும் மறக்காத தேதி 1988 ஜூலை 6. வடகடலில் பைப்பர் ஆல்ஃபா மேடையில் 167 பேர் இறந்தார்கள்.

பகல் ஷிப்டில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றி, குழாய்வாயைத் தகட்டால் மூடியிருந்தார்கள். வேலை முடியவில்லை. இரவு ஷிப்டில் இன்னொரு பம்பு நின்றுபோனது. இரவு ஆட்கள் முதல் பம்பை ஓட்டினார்கள். வால்வு கழன்றிருப்பது அவர்களுக்குத் தெரியாது. அதற்கான அனுமதிச்சீட்டு இருந்தது, ஆனால் அது அவர்கள் கண்ணில் படவில்லை, வாயால் சொன்னவரும் இல்லை. மேடை தீப்பிடித்த பின்னும் பக்கத்து மேடைகளிலிருந்து எண்ணெய் உடனே நிற்கவில்லை. நிறுத்தும் முடிவைத் தாங்களாக எடுக்கத் தயங்கினார்கள்.

இரவுப்பணி எழுதியதோடு இதைச் சேர்த்துப் பார்க்கிறேன். எழுதுவது மட்டும் போதாது என்பது சரி. ஷிப்ட் மாறும்போது கண்ணைப் பார்த்து “அந்த வால்வு இல்லை, ஓட்டாதீர்கள்” என்று ஒரு வரி சொல்லி, கூடவே போய்ப் பூட்டையும் சீட்டையும் காட்டுவது படிவத்துக்கு மேலானது. ஊக்கத்தொகையை அதற்காக யாரும் வெட்ட முடியாதல்லவா?

---

இரவுப்பணி

ஒப்புக்கொள்கிறேன். கன்வேயர் விஷயத்தில் நான் அதைத்தான் செய்யாமல் விட்டேன். மேலிடத்துக்கு எழுதினேன், அடுத்த ஷிப்டில் அதே இடத்தில் நின்றவருக்குச் சொல்லவில்லை. கோபத்தில் இருந்தேன். இன்று போய்ச் சொல்கிறேன்.

---

புதுவரவு

நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான். நீங்களெல்லாம் அனுபவசாலிகள், உங்கள் பேச்சுக்கு மதிப்பு இருக்கும். என்னைப்போன்றவன் “இது ஆபத்து, செய்யமாட்டேன்” என்றால் “நேற்று வந்தவன்” என்பார்கள். வேலையே போய்விடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

---

வெண்சங்கு

உங்கள் பயம் உண்மையானது, அதைச் சிறுமைப்படுத்தமாட்டேன். ஆனால் சட்டம் உங்கள் பக்கம் முற்றிலும் இல்லாமல் இல்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டு 155ஆம் உடன்படிக்கை இதைப் பேசுகிறது. உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான கடும் ஆபத்து என்று நம்பத் தக்க காரணம் இருந்து ஒரு தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகினால், அதற்காக அவருக்குத் தகாத விளைவுகள் நேராமல் காக்க வேண்டும் என்கிறது. 2022இல் பாதுகாப்பான வேலைச்சூழலை அடிப்படை உரிமைகளோடு சேர்த்தார்கள். உங்கள் நாட்டுச் சட்டம் இதை எந்த அளவுக்கு ஏற்றிருக்கிறது என்று தொழிற்சங்கத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தாளில் இருக்கும் உரிமை தளத்தில் தானாக வேலை செய்யாது. அதற்கு நாங்கள் வேண்டும். புதியவர் வாய் திறக்கும் அந்த நொடியில் பக்கத்தில் நிற்கும் மூத்தவர் “அவர் சொல்வது சரி, நிறுத்திப் பார்த்துவிடுவோம்” என்று சொன்னால் போதும். சிரித்துவிட்டால் அந்தப் புதியவர் அடுத்த பத்து ஆண்டுகளுக்குப் பேசமாட்டார். நான் இளைஞனாக இருந்தபோது ஒரு சாரத்தின் கைப்பிடி சரியில்லை என்றேன், என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தக் கைப்பிடி அடுத்த வாரமே கழன்று விழுந்தது. கீழே யாரும் இல்லை.

“செய்யமாட்டேன்” என்று தொடங்குவது கடினமாக இருந்தால், கயல் சொன்ன வாக்கியத்தைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள். “அண்ணே, இதைச் சேர்ந்து ஒருமுறை பார்ப்போமா?” நேற்று வந்தவர் கேட்கக்கூடிய கேள்விதான் அது.

---

உலைக்களம்

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

நேற்று அண்ணனிடம் போனேன். படிவத்தைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. “காலையிலேயே நூல் பிரிந்திருந்ததைப் பார்த்தேன், உங்களிடம் சொல்லவில்லை, அது என் தவறு” என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “நானும் பார்த்தேன். நீ எடுத்து வந்ததால் நீ சரிபார்த்திருப்பாய் என்று நினைத்தேன்” என்றார். நான் அவரை நம்பி விட்டிருக்கிறேன், அவர் என்னை நம்பி விட்டிருக்கிறார்.

அறுந்த பெல்ட் பட்டறை மூலையில் கிடந்தது. அவரே அதை எடுத்து, யாரும் முடிச்சுப்போட்டுத் திரும்பப் பயன்படுத்த முடியாதபடி கத்தியால் நான்கு துண்டாக வெட்டினார். தட்டையான கையுறையைத் தன் பெட்டியில் வைத்திருந்திருக்கிறார். அதையும் எடுத்தார். இரண்டையும் மேசையில் வைத்து, “படிவத்தைக் கொண்டுவா, என் பெயரையும் போடு” என்றார். நான்கு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

பிறகு கிடங்குக்குப் போனோம். பதினோரு பெல்ட்டுகள் தொங்கின. ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, விரலால் ஓரம் தடவிப் பார்த்தோம். மூன்றில் சிவப்பு நூல் தெரிந்தது. அதில் ஒன்றை மறுநாள் காலை ஷிப்ட் எடுத்துப்போவதற்காகத் தனியே சுருட்டி வைத்திருந்தார்கள். இரவு ஷிப்டில் எவராவது இன்னொரு பெல்ட்டை வெளியே எடுத்துப்போயிருக்கிறார்களா என்று அண்ணன் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். நான் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்.